உப்பில் ஏது ஆர்கானிக்?

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடைக்கு உப்பு வாங்கப் போனேன். அலமாரியில் இரண்டு வகை இருந்தன. ஒன்று வழக்கமான பாக்கெட், ஒரு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். இன்னொன்று பழுப்புக் காகிதப் பை, வாயில் சணல் கயிறு, முகப்பில் ஒரு பச்சை இலை. மேலே ‘ஆர்கானிக் உப்பு’ என்று எழுதியிருந்தது. விலை பன்னிரண்டு வெள்ளி.

“ரெண்டுக்கும் என்னக்கா வித்தியாசம்?” என்று கல்லாவில் இருந்தவரைக் கேட்டேன்.

“இதுல கெமிக்கல் இல்ல தம்பி.”

உப்பே ஒரு கெமிக்கல்தான். அதன் பெயர் சோடியம் குளோரைடு. அதிலிருந்து கெமிக்கலை எடுத்துவிட்டால் பையும் சணலும்தான் மிஞ்சும். எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றதால் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ரப்பர் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஒரே சொல், இரண்டு வேலை

சந்தையில் ‘ஆர்கானிக்’ என்றால் ஒரு பயிரை எப்படி வளர்த்தார்கள் என்று பொருள். வேதியியலில் அதே சொல்லுக்கு ஒரு பொருள் எதனால் ஆனது என்று பொருள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆங்கிலத்தில் சொல் ஒன்றாகப் போனதால் வந்த வினை இது. தமிழில் இந்தக் குழப்பம் வந்திருக்கவே வேண்டாம். சந்தையில் சொல்வதற்கு ‘இயற்கை விவசாயம்’ இருக்கிறது. வேதியியலுக்குக் ‘கரிமம்’ இருக்கிறது. நாம்தான் இரண்டையும் விட்டுவிட்டு ஆர்கானிக்கைப் பிடித்துக்கொண்டோம்.

கரிமப் பொருள் என்றால் கார்பனை, அதாவது கரியை, முதுகெலும்பாகக் கொண்ட பொருள். சர்க்கரை, எண்ணெய், பருத்தி, ரப்பர், பெட்ரோல், பிளாஸ்டிக் எல்லாம் இதில் அடங்கும். கனிமப் பொருள் என்றால் அப்படிக் கார்பன் முதுகெலும்பு இல்லாத மற்றவை. உப்பு, தண்ணீர், மணல், இரும்பு, சுண்ணாம்பு, காற்றிலுள்ள ஆக்சிஜன் எல்லாம் அந்தப் பக்கம். மண்ணைத் தோண்டி எடுக்கும் தாதுக்களையும் தமிழில் கனிமம் என்றுதான் சொல்கிறோம். இந்தக் கட்டுரையில் கனிமம் என்றால் அது மட்டுமல்ல. தண்ணீரைச் சுரங்கத்தில் வெட்டி எடுப்பதில்லை, ஆனாலும் வேதியியல் கணக்கில் அது கனிமப் பொருள்தான்.

இப்போது ஒரு வேடிக்கை. கெடாவில் குருண் என்ற ஊரில் பெட்ரோனாஸ் ஆலை யூரியா உரம் தயாரிக்கிறது. அந்த யூரியா வேதியியல்படி கரிமப் பொருள், அதாவது ஆர்கானிக். ஆனால் அதைப் போட்டு வளர்த்த வெண்டைக்காயை ஆர்கானிக் என்று விற்க முடியாது. பாஸ்பேட் பாறையை உடைத்துப் பொடியாக்கினால் அது அசல் கனிமம், ஆனால் இயற்கை விவசாயத்தில் அதற்கு அனுமதி உண்டு. தோட்டங்களில் நம் பெண்கள் தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு பல வருடம் அடித்தார்களே பாராகுவாட் களைக்கொல்லி, 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தடை செய்யப்பட்டதே, அதுவும் கார்பன் எலும்பில் நிற்கும் சுத்தமான கரிமப் பொருள்தான். ‘ஆர்கானிக்’ என்ற சொல்லை வைத்து நல்லது கெட்டது பார்க்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அடுப்பில் இரண்டு கரண்டி

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பழைய எவர்சில்வர் கரண்டி இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் கல்லுப்பு. முதலில் சர்க்கரையை அடுப்பில் காட்டுங்கள். உருகும், பொன்னிறமாகும், பழுப்பாகும், புகைந்து கடைசியில் கரியாகிவிடும். உள்ளே இருந்த கார்பன்தான் வெளியே தெரிகிறது. கரிமம் என்ற பெயருக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

உப்பைக் காட்டினால் படபடவென்று தெறிக்கும். திருஷ்டி சுற்றி நெருப்பில் போடும்போது வெடிக்கிறதே, அதே சத்தம்தான். ‘எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாரு’ என்பார்கள் பாட்டிமார்கள். கல்லுப்புக்குள் மாட்டிக்கொண்ட துளித் தண்ணீர் ஆவியாகிப் படிகத்தை உடைத்துக்கொண்டு வருகிற சத்தம் அது. (கண் பட்டதா இல்லையா என்பது என் துறை அல்ல.) தெறித்து முடிந்தபின் பாருங்கள், உப்பு வெள்ளையாகவே இருக்கும். அது உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். கரண்டி அவ்வளவு சூடேறாது.

ஏன் இந்த வித்தியாசம்? விடை பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கிறது. அங்கே கடை முகப்பின் ஐந்தடி நடைபாதையில் பூக்கட்டுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கார்பன் அணு அந்த நார் மாதிரி. அதற்கு நான்கு கைகள். ஒரு கையால் இன்னொரு கார்பனைப் பிடித்துச் சரமாக நீளும், மற்ற கைகளில் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பூப்போல் தொடுத்துக்கொள்ளும். முழத்துக்கும் கட்டலாம், ஆளுயரத்துக்கும் கட்டலாம். அதனால்தான் கரிமப் பொருள்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. சரம் என்பதால் சூடு பட்டால் அறுந்து சிதைந்தும் போகும்.

உப்பு அந்த ஊரின் பெயரில் இருக்கும் செங்கல் மாதிரி. முன்பு அங்கே சூளைகள் இருந்ததால்தான் அந்தப் பெயர். சோடியம் நேர்மின் ஏறியது, குளோரின் எதிர்மின் ஏறியது. ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரிசை வரிசையாக எல்லாத் திசையிலும் அடுக்கி நிற்கின்றன. இப்படி மின் ஏறிய அணுவுக்கு ‘அயனி’ என்று பெயர். எல்லாக் கனிமமும் இப்படி அயனிகளால் ஆனதல்ல. தண்ணீரும் இரும்பும் வேறு விதம். ஆனாலும் கல், மண், உப்பு வகையறாவைப் புரிந்துகொள்ள இந்தச் செங்கல் போதும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: கரிமம் கார்பன் சரம், கனிமம் அது அல்லாதது. விளைந்த விதமோ, நல்லதா கெட்டதா என்பதோ அந்தப் பெயரில் இல்லை.

திருநீறும் ஆய்வக உலையும்

நான் வேலை பார்த்த இடத்தில் தினமும் செய்த ஒரு சோதனை உண்டு. ரப்பரில் ஒரு துண்டை வெட்டி எடை போட்டு, சின்னப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, 550 டிகிரி உலைக்குள் தள்ளுவோம். சில மணி நேரம் கழித்துத் திறந்தால் ரப்பர் இருக்காது. கிண்ணத்தின் அடியில் சிட்டிகை சாம்பல் இருக்கும். ஈரம் புகாத கண்ணாடிப் பாத்திரத்தில் அதை ஆறவைத்து, தராசில் நான்கு தசம இடம் வரை நிறுப்போம். பக்கத்தில் ஒருவர் தும்மினால் அன்றைய கணக்கு போச்சு.

நடப்பது இதுதான். கார்பன் சரமெல்லாம் எரிந்து கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் பறந்துவிடுகிறது. பறக்க முடியாத கனிமம் மட்டும் தங்குகிறது. சாம்பல் அதிகமென்றால் ரப்பரில் மண்ணோ உப்போ கூடக் கலந்திருக்கிறது என்று பொருள். 1965-இல் வந்த மலேசிய ரப்பர் தரக் குறியீட்டில், எஸ்.எம்.ஆர். என்பார்கள், இந்தச் சாம்பல் அளவும் ஒரு சோதனை. மாவிலும் பாலிலும் கால்நடைத் தீவனத்திலும் எவ்வளவு கனிமம் இருக்கிறது என்று பார்க்கவும் உணவு ஆய்வகங்கள் இதையேதான் செய்கின்றன.

முதல் நாள் அந்த உலையைத் திறந்தபோது எனக்கு வீட்டு நினைவு வந்தது. சாணத்தை உருட்டிக் காயவைத்து எரித்தால் கரிமம் போய்விடும். சிலிக்காவும் கால்சியமும் பொட்டாசியமும் சேர்ந்த வெள்ளைப் பொடி மிஞ்சும். அதைத்தான் நெற்றியில் பூசுகிறோம். மறுநாள் அஸ்தி எடுக்கும்போது கையில் வருவதும் எலும்பிலிருந்த கால்சியம் பாஸ்பேட்தான், அதுவும் கனிமம். உயிரோடு இருக்கும்போதும் எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற கரிமப் புரதம், அதுதான் எலும்பு சட்டென்று உடையாமல் பார்த்துக்கொள்கிறது. கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறவைத்தால் கனிமம் கரைந்துவிடும். எலும்பு ரப்பர் மாதிரி வளையும்.

கார்பன் இருந்தும் கனிமம்: பத்துமலை

“கார்பன் இருந்தால் கரிமம் என்றீர்களே, சுண்ணாம்புக்கல்லில் கார்பன் இருக்கிறதே?” என்று கேட்பவர் நல்ல மாணவர். இருக்கிறது. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட், பெயரிலேயே கார்பன். ஆனால் அங்கே கார்பன் சரம் கட்டவில்லை. மூன்று ஆக்சிஜனுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்து, ஒரு செங்கல்லாக அடுக்கில் போய்விட்டது. அதனால் அது கனிமம். கரியமில வாயுவையும் வைரத்தையும் இதே பக்கம்தான் சேர்ப்பார்கள்.

பத்துமலை முழுவதும் அந்தக் கல்தான். சுமார் 40 கோடி வருடங்களுக்கு முன் அந்த இடம் கடல். கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடியில் படிந்து, அழுந்தி, பாறையாகின. 1891-இல் தம்புசாமிப் பிள்ளை கோயில் எழுப்பிய குகை, ஒரு காலத்தில் உயிரோடிருந்தவை விட்டுப்போன குவியலுக்குள் இருக்கிறது. கனிமம் என்றால் உயிரோடு சம்பந்தமே இல்லாதது என்று யாராவது சொன்னால் 272 படி ஏறிப் பார்க்கச் சொல்லலாம்.

குகையையும் வேதியியல்தான் குடைந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது, சோடாத் தண்ணீர் மாதிரி, ஆனால் அதைவிட மிகவும் மெலிதாக. அந்த நீர் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு போகும். குகைக் கூரையில் சொட்டும்போது வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகி ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து தொங்கும் கல் விழுதுகள் அப்படி வளர்ந்தவை. ஆயிரம் வருடத்துக்கு 10 சென்டிமீட்டர் என்றால் அது நல்ல வேகம்.

இதே கரைப்பு வேலை கோலாலம்பூருக்கு அடியிலும் நடந்திருக்கிறது. இரட்டைக் கோபுரம் கட்டப் போனபோது, திட்டமிட்ட இடத்துக்குக் கீழே பாறை மேடும் பள்ளமுமாகவும் குழிகள் விழுந்தும் இருந்தது. கட்டடத்தைச் சுமார் 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். புவியியலாளர் கனிமத்தைப் படிப்பது அருங்காட்சியகத்தில் கல் அடுக்குவதற்காக மட்டுமல்ல.

அந்தக் கல்லையே சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு போய், சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் புஸ்ஸென்று கொதித்து நீறும். அதுதான் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. சுவரில் பூசினால் காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிவிடும். திருநீறு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டிலும் அதே ‘நீறு’ இருப்பதைக் கவனித்தீர்களா? சுட்டபின் மிஞ்சும் வெள்ளைப் பொடிக்கு நம் ஆட்கள் எப்போதோ ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

சிறுநீரகம் இல்லாமல் யூரியா

கரிமம், கனிமம் என்ற பிரிவு முதலில் வந்தது வேறு எண்ணத்தில். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடனின் பெர்சீலியஸ் போன்றோர், உயிர்களில் கிடைக்கும் பொருள்களை உயிர்தான் செய்ய முடியும், அதற்கு ஓர் உயிர்விசை வேண்டும் என்று கருதினார்கள். 1828-இல் அவருடைய மாணவராக இருந்த ஜெர்மானியர் வோலர், அம்மோனியம் சயனேட் என்ற கனிம உப்பைச் சூடாக்கியபோது கிடைத்தது யூரியா, சிறுநீரில் இருக்கும் அதே பொருள். சிறுநீரகமே இல்லாமல் யூரியா செய்துவிட்டேன் என்று குருவுக்குக் கடிதம் போட்டார். உயிர்விசைக் கொள்கை அன்றே செத்துவிடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு எழுந்து நிற்கவும் இல்லை.

இன்றைக்குக் குருணில் நடப்பதும் கிட்டத்தட்ட அதேதான். அம்மோனியா, கரியமில வாயு என்ற இரண்டு கனிமங்களைச் சேர்த்தால் யூரியா என்ற கரிமம். உயிரே இல்லாத இடத்திலும் கரிமம் உண்டு. 1969-இல் ஆஸ்திரேலியாவின் முர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருந்தன. கடையில் விற்கும் ‘ஓலெட்’ டிவியின் முதல் எழுத்தும் ஆர்கானிக்தான். திரையில் ஒளிவிடுவது கரிமச் சேர்மம். யாரும் அதற்குச் சாணி உரம் போடவில்லை.

ஆக, கரிமத்துக்கு உயிர் கட்டாயமில்லை, கனிமம் உயிரற்ற இடத்திலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. கோட்டை மனிதர்கள் வசதிக்காகப் போட்டுக்கொண்டார்கள், அங்கங்கே வளைத்தும் போட்டிருக்கிறார்கள்.

ஈயக்குட்டையிலிருந்து கைப்பேசிக்கு

கோலாலம்பூரே ஒரு கனிமத்தால் வந்த ஊர். 1857-இல் 87 சீனத் தொழிலாளர்கள் அம்பாங் பக்கம் ஈயம் தோண்ட வந்தார்கள். பெரும்பாலோர் மலேரியாவில் மாண்டார்கள், ஊர் நிலைத்தது. நாம் ஈயக்குட்டை, ஈயச் சுரங்கம் என்கிறோம், அது உண்மையில் வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். பாடப்புத்தகம் ஈயம் என்று சொல்வது காரீயத்தை, அது உடம்புக்கு நஞ்சு. சொம்பு வாங்கும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது.

மண்ணில் வெள்ளீயம் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுப்புக் கல்லாகக் கிடக்கும். கரியோடு சேர்த்து உருக்கினால் கரி ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு போய்விடும், உலோகம் தனியாக வரும். கைப்பேசிக்குள் சில்லுகளைப் பலகையோடு ஒட்டவைக்கும் பற்றாசில் இன்று பெரும்பகுதி வெள்ளீயம்தான். அந்தச் சில்லு மணலிலிருந்து வருவது. மணலின் சிலிக்கானை 99.9999999 சதவீதம் வரை சுத்தம் செய்து, பிறகு வேண்டுமென்றே துளி பாஸ்பரஸோ போரானோ கலந்து கெடுப்பார்கள். அந்தக் கலப்படம்தான் மின்சாரம் எங்கே ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. 1972-லிருந்து பினாங்கு பாயான் லெப்பாஸ் வாழ்வது இந்த வியாபாரத்தில்தான்.

மருந்தும் நஞ்சும்

மருத்துவத்தில் கனிமத்தின் கதையை ஒன்றோடு நிறுத்துகிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் பிடித்தது. 1965-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ரோசன்பெர்க் என்பவர், பாக்டீரியா மேல் மின்சாரம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிரிவதை நிறுத்திவிட்டு நூல் மாதிரி நீண்டுகொண்டே போனது. மின்சாரம்தான் காரணம் என்று முதலில் தோன்றியது. துருவித் துருவிப் பார்த்ததில், தண்ணீரில் செருகியிருந்த பிளாட்டினத் தகடு கொஞ்சம் கரைந்து ஒரு சேர்மமாகியிருந்தது. செல் பிரிவதை நிறுத்துகிறது என்றால் புற்றுநோய்க்கு உதவுமே! 1978-இல் அது சிஸ்பிளாட்டின் என்ற மருந்தாக அங்கே அனுமதி பெற்றது, இன்றும் ஏற்றுகிறார்கள். பிளாட்டினம், குளோரின், நைட்ரஜன், ஹைட்ரஜன் மட்டுமே அதில் உண்டு, கார்பன் ஓர் அணுகூடக் கிடையாது.

அப்படியானால் கனிமம் நல்லது, கரிமம் கெட்டது என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள். ஆர்செனிக்கில் கனிம வகைதான் கொடியது, மீன், இறாலில் இருக்கும் கரிம வகை பெரும்பாலும் தீங்கற்றது. பாதரசத்தில் நேர்மாறு. 1956-இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் கார்பனோடு சேர்ந்த மெத்தில் பாதரசம். பேரியம் உப்பு தண்ணீரில் கரைந்தால் விஷம், ஆனால் கரையாத பேரியம் சல்பேட்டை எக்ஸ்ரே எடுக்கும் முன் டம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்கிறார்கள். எந்தச் சேர்மம், எவ்வளவு, கரையுமா என்பதைக் கேட்க வேண்டும். எந்தக் கட்சி என்று கேட்டுப் பயனில்லை.

உடம்பிலும் செடியிலும் இரண்டும் கலந்தே நிற்கின்றன. கீரையின் பச்சை நிறமியில் ஒரு கரிம வளையம், நடுவில் மக்னீசியம். இரத்தச் சிவப்பிலும் ஏறக்குறைய அதே வளையம், நடுவில் இரும்பு.

ஆரத்தித் தட்டு

போன வாரம் செந்தூலில் தங்கை வீட்டில் குழந்தை பிறந்து அழைத்து வந்தார்கள். அம்மா தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்து, வெற்றிலைச் சுண்ணாம்பை விரல் நுனியில் எடுத்துக் கலக்கினார். மஞ்சள் தண்ணீர் ஒரே சுற்றில் இரத்தச் சிவப்பானது. தங்கையின் மூத்தவனுக்கு எட்டு வயது.

“கலர் போட்டீங்களா பாட்டி?”

“சுண்ணாம்புடா.”

அவன் என்னைப் பார்த்தான். மஞ்சளுக்குள் இருக்கும் குர்க்குமின் ஒரு கார்பன் சரம், சுண்ணாம்பு காரத்தன்மை உள்ள கனிமம், காரம் பட்டால் அந்தச் சரம் ஒளியை விழுங்கும் விதம் மாறி நமக்குச் சிவப்பாகத் தெரியும் என்றேன். புளிப்பு பட்டால் திரும்பிவிடும் என்றும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் கார்ச் சக்கரத்தில் வைப்பதற்காக நறுக்கிய எலுமிச்சை இருந்தது. நான் தடுப்பதற்குள் அரை மூடியைத் தட்டில் பிழிந்துவிட்டான்.

தண்ணீர் பழையபடி மஞ்சளானது. வாசலில் குழந்தையோடு தங்கை நின்றுகொண்டிருந்தாள். அம்மா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுண்ணாம்பு டப்பாவை எடுக்க மறுபடி உள்ளே போனார்.